அரைக் கிலோ ரிவால்வர்

செப்டம்பர் 1, திங்கள்

லைசென்ஸ் வந்துவிட்டது. பத்து மாதமாகக் கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று நடந்த நடைக்குப் பழனிக்கே போய் வந்திருக்கலாம், புண்ணியமாவது கிடைத்திருக்கும். இப்போது நான், காங்கேயம் கொப்பரைக் களம் நாச்சிமுத்து, சட்டப்படி ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உடையவன்.

மனுவில் எழுதிய காரணம் வேறு. தோட்டத்து வீட்டில் தனியாகக் குடியிருக்கிறோம், ஆட்களுக்குக் கூலி கொடுக்க வாராவாரம் பாங்கிலிருந்து பணம் எடுத்து வருகிறேன், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதில் பொய் இல்லை. உண்மையும் அதிகம் இல்லை. நிஜக் காரணத்தை எண்ணெய் மில்காரர் இனாமாகக் கொடுத்த இந்த டைரியில் மட்டும் எழுதுகிறேன்.

போன வருடம் திருப்பூரில் ஒரு கல்யாணம். என் மச்சான் லோகநாதன், அதாவது என் மனைவி கலாமணியின் அண்ணன், பைனான்ஸ்காரர், இடுப்பில் தோல் உறையோடு வந்தார். சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். போட்டோக்காரன் அவரையே சுற்றினான். பெண் வீட்டார் அவருக்கு முன்வரிசை சோபாவைக் காட்டினார்கள். என்னிடம் வந்து, "நீங்க கொஞ்சம் பந்தியைப் பாத்துக்கறீங்களா?" என்றார்கள். இலை போதுமா, ரசத்தில் உப்பு சரியா என்று ஐம்பத்தேழு வயதில் ஓடிக்கொண்டிருந்தேன். மறுவாரமே மனுப் போட்டேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான், தெரியும். தெரிந்துதான் போட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் காபி கொண்டுவந்த கலாமணி லைசென்ஸைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"இது இப்ப எதுக்குங்க?"

கல்யாணப் பந்திக் கதையைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? அதுவும் அவளுடைய அண்ணனுக்குப் போட்டி என்று? குரலைத் தாழ்த்தி, "எல்லாம் ஒரு காரணமாத்தான்" என்றேன். டம்ளர் ஆடிக் காபி சிந்திவிட்டது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் என் குரலுக்கு இப்படி ஒரு கனம் இருப்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது.

செப்டம்பர் 3, புதன்

என்ன வாங்குவது என்று யோசனை. மச்சானுடையது எஃகு. நீளக் குழல், ஒரு கிலோவுக்குப் பக்கம் எடை. அதைக் கட்டிக்கொண்டு அவர் உட்காரும்போது முதலில் துப்பாக்கி உட்காரும், பிறகுதான் அவர் உட்காருவார். வடக்கே ஒரு கம்பெனி இப்போது புதிதாகச் சின்ன ரிவால்வர் ஒன்று போட்டிருக்கிறதாம். குழல் இரண்டு அங்குலம், எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட, உள்ளங்கையில் அடங்கிவிடும் என்று கோயமுத்தூர்க் கடைக்காரர் போனில் சொன்னார். விலையையும் சொன்னார். அந்த விலைக்கு நல்ல பசுமாடு ஒன்று வரும், கன்றோடு.

மச்சானிடம் கேட்டேன். அனுபவஸ்தர் அல்லவா?

"சின்னதா? அது பொம்பளைங்க பையில வெக்கிறதாச்சே மாப்ளே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வாங்கறது பெருசில்ல. நேரம் வந்தா எடுக்கோணும். உங்களுக்கு அந்தத் தைரியம் இருக்குதான்னுதான் எனக்கு ரோசனை" என்றார்.

சுருக்கென்றது. கொள்ளைக்காரன் வந்தால் நான் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வேன் என்று நினைக்கிறார். "வந்தாப் பாருங்க மச்சான், யாரா இருந்தாலும் விடமாட்டேன்" என்றேன். "பரவால்ல, நான் நெனைச்ச மாதிரி இல்ல நீங்க" என்றார். பாராட்டு மாதிரிதான் இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

கொப்பரை விலை ஏறியது. ரிவால்வர் விலை மனதில் கொஞ்சம் இறங்கியது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெரிய பிரச்சினை ஒன்று இன்றுதான் உறைத்தது. நான் வேட்டி கட்டுகிறவன். மச்சான் பேன்ட் போடுகிறவர், தோல் உறையை மாட்ட அவருக்கு வார் இருக்கிறது. எனக்கு இருப்பது இந்தப் பச்சைப் பெல்ட், பணம் வைக்கிற பையோடு. அது அரைக் கிலோவைத் தாங்குமா?

களத்துத் தராசில் அரைக் கிலோ கொப்பரை நிறுத்தேன், மேலே ஒரு சில்லு போட்டேன். துணியில் கட்டிப் பெல்ட்டுப் பையில் செருகிக்கொண்டு களத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். பாதித் தூரத்தில் பெல்ட் இடது பக்கம் சரிந்தது, அதோடு வேட்டியும். ஒரு கையால் பிடித்துக்கொண்டே மீதியை நடந்தேன். காய் உடைத்துக்கொண்டிருந்த ராமாத்தாள் அருவாளை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"மொதலாளி, உங்க கொப்பரையை நீங்களே திருடிட்டுப் போறீங்களா?"

அத்தனை பொம்பளைகளும் சிரித்தார்கள். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடியில் கனமிருந்தால் வேட்டிக்குப் பயம். எப்படியும் ஒன்று உறுதியாயிற்று, ஒரு கிலோ எஃகு நமக்கு ஆகாது. சின்னதுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கோயமுத்தூர் போய்க் கடையில் நேரில் பார்த்தேன். கடைக்காரர் ஜெயசீலன், பேச்சில் நகைக்கடைக்காரர் தோற்றார். வெல்வெட் துணி விரித்துப் பழைய மாதிரி ஒன்றும் புதியது ஒன்றும் வைத்தார். பழையது பார்க்கக் கம்பீரம், ஆறு குண்டு, விலையும் கொஞ்சம் மலிவு. புதியது பார்க்கப் பொம்மை, ஐந்தே குண்டு, விலை கூடுதல். குறைவாகக் கொடுத்து அதிகமாக வாங்குவதற்குப் பெயர்தான் புது மாடல் போலிருக்கிறது. ஆனால் கையில் எடுத்தால் கை அதைத் திருப்பிக் கொடுக்க மறுக்கிறது. துருத்திக்கொண்டு எதுவும் இல்லாததால் துணியில் மாட்டாமல் வருகிறது, பிடி மட்டும் என் சுண்டுவிரலுக்கு இடம் கொடுக்கவில்லை. விசை கடினம், விரல் நுனி சிவந்துவிட்டது.

"குறி எப்படிங்க?" என்றேன், பெரிய வேட்டைக்காரன் போல.

"உள்ளதைச் சொல்லிடறனுங்க. குழல் குட்டை. தூரத்துல ஓடறவனுக்கு இது ஆகாது. உங்க எதிர்லயே வந்து நிக்கறானில்லீங்களா, அவனுக்குத்தான். பாதிச் சமயம் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும்."

நியாயமான மனுஷன். வரி தனி, உறை தனி, குண்டு தனி. குண்டு ஒன்றின் விலைக்கு ஒரு ஆள் வயிறாரப் பிரியாணி சாப்பிடலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

அவ்வளவு தூரம் போனதால் இந்துஜாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போன் போட்டேன். என் ஒரே மகள், அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பரிசோதனை செய்கிற வேலை. "நான் ஊர்ல இல்லப்பா, லீவு போட்டுட்டு சிநேகிதி வீட்டுக்கு வந்திருக்கேன்" என்றாள். பின்னால் யாரோ "டோக்கன் நாப்பத்தாறு" என்று கூப்பிட்டார்கள். சிநேகிதியின் ஊரிலும் ஆஸ்பத்திரி இருக்கும்.

ராத்திரி சாப்பாட்டில் கடைக்காரர் சொன்னதைக் கலாமணிக்கு விளக்கினேன். "தூரத்து ஆளுக்கு இது சரிப்படாது. பக்கத்துல இருக்கற, தெரிஞ்ச ஆளுக்குத்தான் சரி" என்றேன். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டாள். துப்பாக்கி சமாச்சாரம் பெண்களுக்கு ருசிக்காது.

செப்டம்பர் 12, வெள்ளி

இவ்வளவு பணம் போடுகிற விஷயம், சாமியிடம் பூக் கேட்டுவிடலாம் என்று கோயிலுக்குப் போனேன். கலாமணியும் வருகிறேன் என்று கிளம்பினாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். காரியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும், வெள்ளை வந்தால் செய்யலாம்.

சிவப்பு வந்தது. நான் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றியதால் மறுபடி கேட்டேன். சிவப்பு. பூசாரி என்னைப் பார்த்தார். "இன்னொருக்கா" என்றேன். மூன்றாவது வெள்ளை வந்தது. மூன்று தடவை கேட்டால் சாமிக்கே சலித்துப்போகும். கடன்காரனை அனுப்புகிற மாதிரி அனுப்பிவிட்டார்.

பக்கத்தில் நின்ற கலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெறும் வயிற்றோடு வந்திருப்பாள். பிறகு தள்ளாடி எழுந்து, தன் பங்குக்கு அவளும் ஒரு பூக் கேட்டாள். அவளுக்கு என்ன வந்ததென்று காட்டவில்லை. பொட்டலத்தைக் கைக்குள்ளேயே கசக்கி வைத்துக்கொண்டு வீடுவரை வந்தாள்.

"என்ன கேட்டே?"

"நீங்க என்ன கேட்டீங்களோ அதைத்தான்" என்றாள்.

அவளுக்கு எதற்குத் துப்பாக்கி?

செப்டம்பர் 17, புதன்

வாங்கிவிட்டேன். உறைக்குப் பேரம் பேசினேன். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறீர்களே என்று ஜெயசீலன் சிரித்தார், இருந்தும் குறைத்தார். ஸ்டேஷனில் காட்டிப் பதிந்துகொண்டு வந்தாயிற்று. வேட்டிக்குத் தோதாகப் பெல்ட்டோடு சேர்த்துத் தைத்த தோல் பை, இறுக்கிக் கட்டினால் சரியவில்லை. அரிக்கிறது, அவ்வளவுதான்.

பின்கட்டில் கலாமணி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இப்ப வேண்டாம் கண்ணு. அங்கியே இரு. நான் சொல்றப்ப வந்தாப் போதும்." பஸ் செலவை மிச்சம் பிடிக்கிறாள். நான் பசுமாட்டு விலையில் பொம்மை வாங்க, அவள் பஸ் டிக்கெட்டில் ஈடுகட்டுகிறாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ரைபிள் கிளப்பில் ஐந்து குண்டு சுட்டேன். என் குறி அட்டையில் ஓட்டை எதுவும் இல்லை. பக்கத்துக்காரர் அட்டையில் அவர் சுடாத ஓட்டை ஒன்று இருந்தது. அவர் நல்ல மனுஷன், வைத்துக்கொள்ளுங்கள் என்று அட்டையை எனக்கே கொடுத்துவிட்டார். ஐந்து பிரியாணி போயிற்று. காதில் இன்னும் வண்டு சுற்றுகிறது.

ஆனால் வீட்டில் நிலைமையே வேறு. ஒரு வாரமாகக் கலாமணி எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. துண்டை எங்கே போட்டாலும் எடுத்து மடிக்கிறாள். கேட்காமலே நாட்டுக்கோழி. நான் இருமினால்கூட உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்க்கிறாள். களத்துக்கு வந்த மச்சான் எனக்கு முதலில் நாற்காலி இழுத்துப் போட்டார். முப்பது வருடம் உழைத்துக் கிடைக்காத மரியாதை அரைக் கிலோவில் கிடைத்திருக்கிறது. விலை அதிகம் என்று யார் சொன்னது?

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

களத்தில் பூஜை. தராசு, அருவாள்கள், டிராக்டர், கடைசியில் வாழையிலை மேல் நம்முடையது. கலாமணி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். ரிவால்வர் பக்கம் வந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். நான் வைத்தேன். குங்குமம் அதிகமாகிக் குழலுக்குள் போய்விட்டது. ஊக்கால் நோண்டி எடுத்தேன்.

இந்துஜா வரவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஒரு நாளுக்கு அவள் வராமல் இருந்ததில்லை. பொரிகடலை கலப்பது அவள் வேலை. வேலை அதிகம் என்று போனில் சொன்னாள். அவளிடம் காட்டத்தான் எனக்கு ஆசை. மற்றவர்கள் பார்த்து என்ன? அவள் "என்னப்பா இது, சினிமா வில்லன் மாதிரி" என்று கிண்டல் செய்ய வேண்டும். நான் கோபப்படுவது போல நடிக்க வேண்டும்.

"நீ வா கண்ணு. உனக்காகத்தான் காத்திருக்கேன். நீ வந்தாத்தான் அதை வெளிய எடுக்கறதுன்னு இருக்கேன்" என்றேன்.

லைன் கட் ஆகிவிட்டது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அங்கே டவர் சரியில்லை என்று நினைக்கிறேன். சாயங்காலமும் போட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

மழை. கொப்பரை காயவில்லை. இந்துஜா எடுக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

மத்தியானம் களத்துக்கு ஒருவர் வந்தார். அறுபது தாண்டிய வயது, வெளுத்த வெள்ளைச் சட்டை, கையில் பழப் பை. வாசற்படியிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஏதோ பள்ளிக்கூட நன்கொடை என்று நினைத்து, ஐந்நூறா ஆயிரமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ற பேரு அய்யாசாமிங்க. உடுமலைப் பக்கம். வாத்தியாரா இருந்து ரிட்டையர்டு ஆனவனுங்க. கதிரவனோட அப்பா."

"எந்தக் கதிரவன்?"

நான் நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"கோவம் இருக்குமுங்க. இருக்கறது நாயந்தானுங்க. உங்க பொண்ணு வேலை பாக்கற ஆசுபத்திரியிலதான் அவனும் இருக்கறான். நாங்க வேற ஆளுங்க, ஒத்துக்க மாட்டீங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்க. ரெண்டு பேரும் கேக்கல. உங்களுக்குப் புடிக்கலீன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவனைக் கூட்டிட்டுக் கண்காணாம எங்காச்சும் போயிர்றனுங்க. ஒரே பையன். துப்பாக்கியெல்லாம் வேண்டாமுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்தத் தோல் பை இருந்தது. அரித்தது. கை தானாக அங்கே போயிற்று.

அவர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பிவிட்டார். ஒரு வாத்தியார், என்னைவிட மூத்தவர், அப்படியே என் முன்னால் நின்றார். காய் உடைத்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

இந்த மரியாதையைத்தான் நான் பத்து மாதமாக மனுப் போட்டு வாங்கியிருக்கிறேன்.

"போய்ட்டு வாங்க" என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. அதையும் அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

அக்டோபர் 7, செவ்வாய்

கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். எனக்குத் தெரியாமல், என் பெண், வேற ஆளு என்று நேற்றெல்லாம் மனசு கொதித்தது. பீரோவைத் திறந்து அதை உள்ளே வைத்தேன். சாவியைக் கலாமணியிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று அவள் கேட்கவில்லை. எனக்கே என் மேல் முழு நம்பிக்கை இல்லை என்பதுதான் காரணம்.

அக்டோபர் 8, புதன்

காலையில் கலாமணியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பூர்க் கல்யாணம், முன்வரிசை சோபா, நான் ரசத்தில் உப்புப் பார்த்தது, கொப்பரையைக் கட்டிக்கொண்டு நடந்தது, ஒன்று விடவில்லை.

அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"எங்கண்ணன் இடுப்பைப் பாத்தா வாங்குனீங்க? அந்தக் கருமத்துக்கா நான் இத்தனை மாசமா ஒரு வாய்ச் சோறு நிம்மதியாத் திங்காம இருந்தேன்?"

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். போன தீபாவளிக்கு இந்துஜா அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அதே சமயம் மச்சானும் கோயமுத்தூரில் இந்துஜாவையும் அந்தப் பையனையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறார். அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டார் என்று தங்கை நினைத்திருக்கிறாள், தங்கை என்னிடம் சொல்லிவிட்டாள் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். அடுத்த வாரமே நான் துப்பாக்கிக்கு மனுப் போட்டிருக்கிறேன். கோயிலில் மூன்று தடவை பூக் கேட்டவன் எதற்கு உத்தரவு கேட்டான் என்று அவள் நினைத்தாள் என்பதை எழுதக் கை வரவில்லை. "நீ வந்தாத்தான் வெளிய எடுப்பேன்" என்று நான் சொன்ன அன்றைக்கு இந்துஜா ஹாஸ்டலை மாற்றிவிட்டாளாம்.

"நான் அப்படிச் செய்யற ஆளா கலா?" என்று கேட்டேன்.

இல்லை என்று உடனே சொல்வாள் என்றுதான் கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"செஞ்சவங்க எல்லாம் அதுக்கு முந்துன நாள் வரைக்கும் செய்யாத ஆளுங்கதானுங்க" என்றாள்.

மூன்று வயதுவரை என் தோளை விட்டு இறங்காத பிள்ளை. ராத்திரி இருட்டுக்குப் பயந்தால் என்னிடம்தான் ஓடிவருவாள். இப்போது எனக்குப் பயந்து எங்கே ஓடுவாள்? நெஞ்சு வலிக்கிறது. டாக்டரிடம் காட்டுகிற வலி இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

வாத்தியார் வந்துபோன செய்தி மச்சானுக்கு எட்டிவிட்டது. நேரில் வந்தார். திண்டு மாதிரி உட்கார்ந்து, இடுப்பை ஒரு தட்டுத் தட்டினார்.

"மாப்ளே, நீங்க தனி ஆளில்ல. நாங்க இருக்கறோம். நீங்க செய்ய வேண்டாம், ஊங்கொட்டினாப் போதும். பையனை மட்டும்."

இவ்வளவு நாள் இந்த மனுஷரின் சோபாவுக்கு ஏங்கியிருக்கிறேன். நான் தைரியசாலி இல்லை, ரைபிள் கிளப் அட்டையே சாட்சி. ஆனாலும் சொன்னேன்.

"வேண்டாம் மச்சான். என்ற புள்ளை விஷயத்தை நான் பாத்துக்கறேன். அந்தப் பையன் மேல ஒரு கீறல் விழுந்தாலும் மொதல்ல ஸ்டேஷனுக்குப் போறவன் நான். உங்க பேரைச் சொல்லித்தான் எழுதிக் குடுப்பேன்."

அவர் முகம் கறுத்தது. "அப்பறம் என்ன மயித்துக்குய்யா துப்பாக்கி வாங்குனே?"

"உங்களைப் பாத்துத்தான்" என்றேன். "கல்யாணத்துல எனக்கும் முன்னால உக்காரோணும்னு ஆசையா இருந்துச்சு."

காரித் துப்பிவிட்டுப் போனார். இனி அந்த வீட்டு விசேஷங்களில் எனக்குப் பந்தியும் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்ற கலாமணி, வந்து என் முன்னால் மோர் வைத்தாள். உப்புச் சரியாக இருந்தது.

அந்த வாத்தியாருக்கும் போன் செய்தேன். "பயப்படாதீங்க" என்றேன். நம்பினாரா என்று தெரியாது. "சரிங்க" என்றார். பயந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

அக்டோபர் 11, சனி

கோயமுத்தூர். முதலில் ஜெயசீலன் கடை. வாங்கின விலையில் பாதியைச் சொன்னார். கடைவாசல் தாண்டிய சாமான் பழையதாம். ஸ்டேஷன் வேலையெல்லாம் முடிந்து வேறொருவர் வாங்கும்வரை தன் கடையிலேயே வைத்திருக்கச் சம்மதித்தார். பொருளையும் மீதிக் குண்டுகளையும் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். பேரம் பேசவில்லை. "குறி சரியில்லீங்களா?" என்று கேட்டார். "நெம்பச் சரியா இருந்துச்சுங்க. அதான்" என்றேன்.

பிறகு ஆஸ்பத்திரி. அம்மா போனில் எல்லாம் சொல்லியிருந்தும், "ஆளுங்க இருக்கற இடத்துல, ரிசப்ஷன்ல பாக்கறேன்" என்றுதான் இந்துஜா சொல்லியிருந்தாள். பெற்ற அப்பனைப் பார்க்கக் கூட்டம் நடமாடுகிற இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். புத்திசாலிப் பிள்ளை. அந்தப் புத்தியை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

வெள்ளைக் கோட்டோடு வந்தாள், இளைத்திருந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி நின்றுகொண்டாள்.

"கண்ணு" என்றேன்.

"அது எங்கப்பா இருக்குது?"

"கடைல குடுத்துட்டேன்."

"ரசீது இருக்குதுங்களா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அப்பா சொன்னால் போதும் என்று இருந்த பெண். ஒரு காலத்தில் நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்று சொன்னதைக்கூட நம்பினாள். இப்போது ரசீதை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தேதி பார்த்தாள், முத்திரை பார்த்தாள், பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள்.

"குண்டு?"

"ரெண்டாவது வரில எழுதியிருக்குது பாரு."

இரண்டாவது வரியை மறுபடி படித்தாள். போனை எடுத்து ரசீதைப் படம் பிடித்தாள். யாருக்கோ அனுப்பினாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை. டோக்கன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். போன் ஒரு தடவை அதிர்ந்தது, அதைப் பார்த்தாள்.

ரசீதை என்னிடம் திருப்பித் தரவில்லை, தன் கோட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டாள். பிறகுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கேன்டீன் போலாம் வாங்க. அவரும் அங்கதான் இருப்பாரு. பரவால்லீங்களா?"

வேற ஆளு என்று மனசு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தது. அது அவ்வளவு சீக்கிரம் போகிற ஜாதி இல்லை.

"இருக்கட்டும் கண்ணு. பசிக்குது" என்றேன்.

காலையில் கலாமணி பக்கத்தில் நின்று போட்ட ஆறு இட்லியும் அப்போது வயிற்றில் அப்படியேதான் இருந்தது.